யாருக்குக் கொடுத்த பலி?

'ஹோலோகாஸ்ட்' என்கிற இங்கிலீஷ் வார்த்தையை நம்ம தோழர்கள் துண்டறிக்கையில் தாராளமாகப் போடுகிறார்கள். வெண்மணிக்கும் அதையே மாட்டுகிறார்கள். கோபம் புரிகிறது. வார்த்தையைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் முழுசு. 'காஸ்டோஸ்' என்றால் எரிந்தது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ஓலா' என்ற காணிக்கைக்கு இந்தச் சொற்களைக் கொண்டுதான் பெயர் வைத்தார்கள். நம்ம பழைய பைபிளில் அது 'சர்வாங்க தகனபலி'. லேவியராகமத்தைத் திறந்து பாருங்கள். சொந்தக்காரனே மாட்டையோ ஆட்டையோ கொண்டு வருவான். பழுது இருக்கக் கூடாது. அதன் தலைமேல் கை வைப்பான். பீடத்தில் முழுசாக எரியும், தோல் மட்டும் ஆசாரியனுக்கு. (தோல் என்றதும் நம்மாளுக்குச் சிரிப்பு வரும், வரட்டும்.) ஆக, கொடுக்கிறவன் உண்டு, வாங்குகிற சாமி உண்டு. அந்தப் புகை சாமிக்கு வாசனை.

நாஜிகள் கொன்ற சுமார் 60 லட்சம் யூதர்களுக்கு இந்தப் பெயர் என்றால், கொடுத்தவன் ஹிட்லர். வாங்கினது யாரு? யூதர்களில் பலர் இந்தச் சொல்லை ஒத்துக்கொள்ளாதது அதனால்தான். 'ஷோவா' என்கிறார்கள். பேரழிவு, அவ்வளவுதான். கிளாட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட ஒன்பது மணி நேரப் படத்துக்கும் அதுதான் பெயர்.

இங்கிலீஷ் வரைக்கும் ஏன் போகணும்? காலையில் பேப்பரைப் பிரித்தால் 'விஷவாயு தாக்கி 3 பேர் பலி' என்று இருக்கும். பலி என்றால் படையல். யாரு யாருக்குப் படைச்சது? பாதுகாப்பில்லாமல் மலக்குழிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கின காண்ட்ராக்டர் அந்தத் தலைப்பில் இருக்க மாட்டான். 'பலி' வந்த இடத்தில் கொன்னவன் காணாமப் போயிடுறான்.

1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர். பெரும்பாலும் பொம்பளைகளும் பிள்ளைகளும். நெல்லுக்கூலி கூட்டிக் கேட்ட சனம். உசிரைக் காப்பாத்திக்கத்தான் குடிசைக்குள் ஓடினாங்க, காணிக்கையாகப் போகல. கூலிக்காகப் போராடினதைத் தியாகம்னு சொல்லு தோழா, நூறு தடவை சொல்லு. எரிச்சதைச் சொல்லாதே. மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. சட்டம் அவங்க பேரை ஒருதரம் அழிச்சாச்சு, நம்ம துண்டறிக்கையும் அழிக்கணுமா?

இந்த டிசம்பருக்கு அச்சுக்குப் போகுமுன் ஒரு திருத்தம்: 'பலியானார்கள்' என்பதை அடித்துவிட்டு 'மிராசுதார்கள் எரித்துக் கொன்றார்கள்' என்று போடுங்கள்.