சைக்கிளுக்கு யார் எப்.சி. பார்ப்பது?

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த சென்னைக்காரர் ஒருத்தர், எங்க வீட்டுத் திண்ணையோரம் சாத்தியிருந்த அப்பாவோட சைக்கிளைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். "அந்தக் காலத்து இரும்புங்க இது, இன்னும் நூறு வருசம் உழைக்கும்"னு சீட்டைத் தட்டிக் கொடுத்தார். திருப்பூர்ல வேலை பார்க்கிற என் மகன் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அதை முதல்ல பேரீச்சம்பழத்துக்குப் போடுங்கப்பா"ன்னான். ரெண்டு பேருமே குனிஞ்சு பார்க்கல. எனக்குக் கோபம் அதுலதான்.

பழசுன்னா பலம்னு ஒரு கூட்டம், பழசுன்னா குப்பைன்னு ஒரு கூட்டம். நடுவுல அந்த வண்டியில தினமும் ஏறுறவன் ஒருத்தன் இருக்கான். செம்பட்டி ரோட்டுல விடியக்காலம் நாலரை மணிக்கு, கேரியர்ல ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்க மிதிச்சுக்கிட்டுப் போறவன். அவனுக்கு வண்டியோட வயசு எதுக்கு? பிரேம்ல தெரியுற கோடு பெயிண்ட்டுல விழுந்ததா, இரும்புல விழுந்ததா, அதுதான் தெரியணும்.

லாரிக்கு எப்.சி. உண்டு, பஸ்ஸுக்கு உண்டு, ஆட்டோவுக்கும் உண்டு. சைக்கிளுக்குக் கிடையாது. நான் சின்னப் பையனா இருந்தப்ப பஞ்சாயத்துல வரி கட்டி ஒரு தகர வில்லை வாங்கி வண்டியில மாட்டணும். ராத்திரி லைட் இல்லாமப் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் காத்தைப் பிடுங்கி விட்டுருவாங்க. அப்பக்கூட பிரேமை யாரும் பார்த்ததில்லை. இப்ப வில்லையும் போச்சு, காத்துப் பிடுங்கவும் ஆளில்லை. ஓட்டுறவன் கண்ணுதான் எப்.சி.

அந்தக் கண்ணை நாம எப்படி வச்சிருக்கோம்னு சொல்றேன். என் சித்தப்பா மகன் பால் ஊத்துறவன். அவன் வண்டியில ஹேண்டில்பாருக்குக் கீழ, கீழ்க்குழாய் தலை மூட்டுல நுழையுற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, குழாயைச் சுத்தி ஒரு மெல்லிசுக் கோடு இருந்தது. கோட்டுல இருந்து துரு வழிஞ்சு பழுப்பா ஒரு தாரை. நானே பார்த்திருக்கேன். "பெயிண்ட் வெடிச்சிருக்குண்ணே"ன்னான். நானும் தலையாட்டினேன். ஆயுத பூசை வந்தது. வண்டியைக் கழுவி, கறுப்புப் பெயிண்ட் வாங்கி ரெண்டு கை அடிச்சு, சந்தனம் குங்குமம் வச்சுட்டான். கோடு மறைஞ்சு போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வேகத்தடையில முன்சக்கரம் உள்ள மடங்கி, ஆள் ஹேண்டில்பாருக்கு மேல பறந்தான். முன்பல்லு நாலும் தாடையும் போச்சு. பால் போனதெல்லாம் ஒரு கணக்கா?

உடைஞ்ச குழாயை எடுத்துப் பார்த்தேன். உடைஞ்ச வாயில முக்கால்வாசி வட்டம் பழுப்பேறிப் பழசா இருந்தது. கால்வாசிதான் புதுசா, வெள்ளி மாதிரிப் பளபளன்னு. அப்படின்னா அது அன்னைக்கு உடையல. பல மாசமா உடைஞ்சுக்கிட்டே வந்து, கடைசிக் கால்வாசியில தொங்கிக்கிட்டிருந்திருக்கு. அதுக்கு மேலதான் நாங்க பொட்டு வச்சோம்.

பாலிடெக்னிக் படிச்ச என் அக்கா மகன் வந்து பார்த்துட்டு, "மாமா, இதுக்குப் பேரு உலோகக் களைப்பு"ன்னான். நமக்குத் தெரியாததில்லை. கட்டுக்கம்பியை ஒரே இழுப்புல அறுக்க முடியாது, முன்னும் பின்னும் பத்துத் தடவை வளைச்சா கையோட வந்துரும். சைக்கிள் ஒவ்வொரு குழியில இறங்கி ஏறும்போதும் தலை மூட்டுல அந்த வளைப்பு நடக்குது. 1842-ல வெர்சாயில இருந்து பாரிசுக்குத் திரும்பின ரயில்ல எஞ்சின் அச்சு இப்படி உடைஞ்சு, வண்டி தீப்பிடிச்சு ஐம்பது பேருக்கு மேல செத்தாங்களாம். அதுக்கப்புறம் ஜெர்மனியில வோலர்னு ஒருத்தர் ரயில் அச்சுகளை வருசக்கணக்காச் சுத்த விட்டு, எவ்வளவு பளுவுல எத்தனை சுத்துக்கு உடையுதுன்னு கணக்கெடுத்தார். பெரிய பளு ஒரு தடவை விழுந்துதான் உடையணும்னு இல்லை, சின்னப் பளு லட்சம் தடவை விழுந்தாலும் உடையும். "முப்பது வருசம் ஓடிச்சே, ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்றவங்க அந்த முப்பது வருசத்தையும் வரவுல எழுதுறாங்க. அது செலவுக் கணக்குங்க.

பார்க்கிறது பெரிய வித்தை இல்லை. பெயிண்ட் வெடிப்பு இஷ்டத்துக்குப் போகும், கிளை பிரியும், நகத்தால சுரண்டினா செதிலா வரும். இரும்பு கிராக் பெரும்பாலும் குழாய்க்குக் குறுக்க, மூட்டோட விளிம்பை ஒட்டி, ஒத்தைக் கோடாப் போகும், துரு கசியும். சந்தேகம் இருந்தா உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியுற மட்டும் தேய்ங்க. மண்ணெண்ணெய் இப்ப எங்க கிடைக்குது, டீசலைத் தடவி அரை மணி நேரம் விடுங்க. துணியால ஈரமே இல்லாமத் துடைச்சுட்டு, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை மேல தேய்ங்க. ஒரு ஆளை உட்கார வச்சு வண்டியை ஆட்டுங்க. விரிசல் இருந்தா உள்ள போன டீசல் வெளிய கசிஞ்சு, வெள்ளையில ஈரக் கோடா எழுதிக் காட்டும். ரயில் அச்சைச் சோதிக்க அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப்காரங்க எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் வச்சு இதைத்தான் செஞ்சாங்க.

கோடு வந்துட்டா எல்லாம் ஒரே ஆபத்தும் இல்லை. மட்கார்டுக் கம்பியில, கேரியர் காதுல வந்தா கம்பி போட்டுக் கட்டிட்டு ஓட்டலாம். பெடல் அச்சு மூட்டுப் பக்கம், சீட்டுக் குழாயில வந்தா பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் போகும். கிரீச்னு சத்தம் வரும், மிதிக்கும்போது வண்டி நெளியும். இருந்தாலும் பாரம் ஏத்தக் கூடாது. போர்க்குலயோ தலை மூட்டுலயோ வந்தா அந்த இடத்துலயே இறங்கி வீட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போங்க. அங்க உடைஞ்சா காலை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது. நகரத்துல அலுமினிய கியர் சைக்கிள் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் கண்டிப்பு. இரும்பு அளவுக்கு அலுமினியம் முன்கூட்டிச் சொல்லாது, அதுல எந்த மூட்டுல கோடு தெரிஞ்சாலும் ஓட்டாதீங்க.

"ஒரு டாக் வச்சு விட்டுரலாம்ணே"ன்னு சொல்ற வெல்டிங் பட்டறை எல்லா ஊர்லயும் உண்டு. அந்தக் குழாய் உள்ள வெறும் கூடு, தகடு மாதிரி மெல்லிசு. மூட்டுல பித்தளையை உருக்கிப் பக்குவமாச் சேர்த்திருப்பாங்க. அதுல கேட் அடிக்கிற கரண்டு வெல்டிங்கை வச்சா, வெல்டிங் நிக்கும், அதுக்குப் பக்கத்து இரும்பு போயிரும். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர் இது. இரும்பைப் பக்குவமா வேலை செய்யத் தெரிஞ்ச கைகள் இங்க இல்லாமலா போச்சு? அம்பது ரூபாயில முடியணும்னு நாமதான் கேட்கிறோம்.

இன்னொண்ணும் உறுத்துது. பதினொண்ணாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற விலையில்லா மிதிவண்டி, பிள்ளை படிப்பை முடிச்சதும் அப்பன் கைக்கு வந்துருது. புத்தகப் பையும் ஒரு பிள்ளையும் போறதுக்கான வண்டி. அதுல சின்ன வெங்காய மூட்டையை ஏத்துறோம், உர மூட்டையை ஏத்துறோம். உடைஞ்சா, "கவருமெண்டு சைக்கிள் அப்படித்தான்"ங்கிறோம். எங்க தெருவுலயே நாலு வண்டி இப்படி ஓடுது. மூணு பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டு சாக்பீஸ் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுல கேரியர் காதுல மட்டும் கோடு. நாலாவது ஆள் இன்னும் வரல.

அப்பா வண்டிக்கு வர்றேன். சீட்டு மூட்டுல ஊரே பார்த்துப் பயந்த கோடு ஒண்ணு இருந்தது, தேய்ச்சா வெறும் பெயிண்ட். யாருமே பார்க்காத பெடல் அச்சு மூட்டுக்கு மேல, செயின் பக்கம், சாக்பீஸ்ல விரற்கடை நீளத்துக்கு ஈரக் கோடு வந்துருச்சு. அப்பா அதுலதான் என்னை முன்பார்ல உட்கார வச்சு திண்டுக்கல் சந்தைக்குக் கூட்டிட்டுப் போவார். ரெண்டு நாள் அது பக்கத்துல போகவே மனசு வரல. பிறகு சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழட்டி வச்சுட்டேன்.

சென்னைக்காரர் போன வாரம் போன் பண்ணினார். தெரிஞ்சவர் ஓட்டல் சுவத்துல மாட்ட அந்த சைக்கிள் வேணுமாம், நல்ல விலை தர்றாராம். முழுசா மாட்டித் தர்றேன், ஆனா கோடு வந்த இடத்துல ரம்பத்தால அறுத்துட்டுத்தான் தருவேன்னு சொன்னேன். "ஐயோ, எதுக்குங்க"ன்னார். நாளைக்கு ஓட்டலை மூடினா அதை ஒரு பையன் இறக்கி ஓட்டிப் பார்ப்பான்ல. யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டார்.