என்ஜினுக்கு இரண்டாவது பேட்டரி

2007-இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் டயமண்ட் டிஏ42 விமானம் ஒன்றில் பேட்டரி தீர்ந்திருந்தது. வெளி மின்சாரத்தால் என்ஜின்களை இயக்கிப் புறப்பட்டார்கள். சக்கரங்களை உள்ளிழுத்தபோது மின்னழுத்தம் சரிந்தது. இரண்டு என்ஜின்களும் ஒரே நேரத்தில் நின்றன. விமானம் தரையில் மோதியது.

அவை கணினியை நம்பி ஓடும் டீசல் என்ஜின்கள். பழைய மேக்னெட்டோ என்ஜின் தனக்கான தீப்பொறியைத் தானே உண்டாக்கும். பேட்டரி செத்தாலும் ஓடும். மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் என்ஜினுக்கு அந்த வசதி இல்லை. ஷ்பையர் விபத்துக்குப் பிறகு, டிஏ42 விமானங்களில் என்ஜின் கணினிகளுக்கெனத் தனிச் சிறு பேட்டரிகள் சேர்க்கப்பட்டன.

சொந்தமாக விமானம் கட்டுவோர் இதைக் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டும். 2022-இல் செய்திகளில் இடம்பெற்ற, ஆலப்புழைப் பொறியாளர் லண்டனில் கட்டிய ஸ்லிங் டிஎஸ்ஐ, ரோட்டாக்ஸ் 915 ஐஎஸ் என்ஜினுக்காக வடிவமைக்கப்பட்ட ரகம். அந்த என்ஜினில் இரண்டு ஜெனரேட்டர்கள் உண்டு. இரண்டும் கைவிட்டால் மிஞ்சுவது பேட்டரிதான்.

ஆகவே மாற்று பேட்டரிக்குத் தனி வயரிங், தனி சுவிட்ச் வேண்டும். எரிபொருள் பம்ப்பையும் அது சேர்த்து இயக்க வேண்டும். எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைத் தரையிலேயே என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய பேட்டரிகளைச் சோதிக்கக் கிருஷ்ணகிரி மாவட்டம் பொருத்தமான இடம். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏதர் என மின்வண்டி ஆலைகள் இருக்கின்றன. பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் விமானத்தளம் இருக்கிறது. பேட்டரி, விமானம் என்ற இந்த இரு திறமைகளையும் இணைத்து, சிறு விமானங்களுக்கான மாற்று பேட்டரிகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றை அரசு இங்கே தொடங்கலாம்.