மோட்டார் நகரத்தில் விளக்கு அணைந்த கதை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறியிருக்கும் நம்மவர்களைப் பார்க்கப் போயிருந்தோம். பேசப் போன விஷயம் வேறு. தோட்டம் விற்றபோது கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டில் இன்னும் நிற்கிற பாக்கி. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, முப்பது வருஷம் பால் வெட்டியவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். நகராண்மைக் கழகம் அனுப்பிய மதிப்பீட்டு வரிச் சீட்டு. நம் வாயில் வழங்குகிற பேர் சுக்காய் பிந்து.

"தம்பி, லயத்துல இருந்த காலத்துல இப்படி ஒரு தாளு வந்ததே இல்ல. இங்க வருசத்துக்கு ரெண்டு தடவ வருது. ரோட்டு முக்குல லைட்டு எரிஞ்சு எட்டு மாசம் ஆவுது. இந்தக் காசெல்லாம் எங்கதான் போகுது?"

பக்கத்தில் இருந்த இளைஞர்கள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் துரைக்கும் கிராணிக்கும் பயந்து வாய் திறக்காதிருந்தவர், இன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஓர் அமெரிக்கப் பட்டணத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊருக்கும் நமக்கும் என்ன ஒட்டு என்று கேட்பீர்கள். ஒட்டுப்பாலின் ஒட்டுதான்.

நம் பாட்டன்மார் கப்பலேறி இங்கே வந்து காடழித்து ரப்பர் நட்டது எதற்காக? மோட்டார் காரின் டயருக்காக. அந்தக் கார்களை ஆயிரமாயிரமாகச் செய்து தள்ளிய ஊர் டெட்ராய்ட். ஹென்றி போர்டு 1908ல் தம்முடைய மாடல் டி காரை வெளியிட்டார். அடுத்த சில வருஷங்களில் மலாயாவில் ரப்பர் விலை ஏறிய ஏற்றமும், ஆள்கட்டி வந்த வேகமும் யாவரும் அறிந்ததே. (வெள்ளைக்காரன் கையில் இருக்கும் ரப்பரை நம்பியிருக்கக் கூடாது என்று அதே போர்டு 1928ல் பிரேசில் காட்டில் சொந்தமாகத் தோட்டம் போட்டார். இலைக்கருகல் நோய் வந்து மரமெல்லாம் போயிற்று. 1930ல் சாப்பாட்டுக் கொட்டகையில் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். 1945ல் கைகழுவி விட்டார். அது இன்னொரு வாரத்துக்கு.)

1950ல் டெட்ராய்ட்டின் ஜனத்தொகை 18 லட்சத்து 49 ஆயிரம். வாகனத் தொழிலாளர் சங்கம் 1935ல் பிறந்ததும் அந்த ஊரில்தான். சங்கத்தின் பலத்தால் கார் ஆலைத் தொழிலாளி சொந்த வீடு வாங்கினான். வீட்டுக்கு வரி கட்டினான். அந்த வரியில் தெருவிளக்கு எரிந்தது, குப்பை வண்டி வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகப் புறநகருக்கும் தென் மாநிலங்களுக்கும் போயின. சங்கம் இல்லாத இடமாகப் பார்த்துப் போனவை பல. வசதியுள்ள வெள்ளைக்காரக் குடும்பங்கள் நகர எல்லையைத் தாண்டிப் போய்த் தனித் தனி ஊராட்சி வைத்துக்கொண்டு, தங்கள் வரியைத் தங்களுக்கே செலவிட்டன. பழைய நகரத்தில் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். 2010ல் ஜனத்தொகை 7 லட்சத்து 13 ஆயிரமாகக் குறைந்தது. ஆள் பாதிக்கும் கீழே போனாலும் ஊரின் நீள அகலம் குறையவில்லை. அதே ரோடு, அதே சாக்கடை, அதே விளக்குக் கம்பம்.

இது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு தலைக்கட்டு இருந்தபோது வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்து, கரகம், காவடி, அன்னதானம் எல்லாம் நடந்தது. தோட்டத்தில் செம்பனை நட்டு, வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்த பிறகு அறுபது குடும்பம் போய்விட்டது. மேளக்காரருக்கும் பந்தலுக்கும் ஆகிற செலவு அப்படியே நிற்கிறது. மிச்சமிருக்கிற நாற்பது வீட்டுக்கும் வரியை ஏற்றுகிறோம். ஏற்றினால் அதில் பத்து வீடு "நாங்க டவுனு கோயிலுக்கே போய்க்கிறோம்" என்கிறது. அடுத்த வருஷம் முப்பது வீடு. டெட்ராய்ட் நகரசபைக்கும் இதே கதிதான். வீட்டு விலை விழுந்தது, அதனால் வரி வருமானம் விழுந்தது. சட்டம் விட்ட உச்சி வரைக்கும் வரி விகிதத்தை ஏற்றினார்கள். சம்பளத்துக்கு நகர வரி, மின்சாரக் கட்டணத்துக்கு வரி, சூதாட்ட விடுதிக்கு வரி என்று தேடித் தேடிப் போட்டார்கள். வரியோ ஏறுகிறது, ஊரோ இருட்டாகிறது என்றால் போக முடிந்தவன் போகத்தானே செய்வான்? மாநில அரசும் தான் பகிர்ந்து கொடுக்கிற பணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது.

2013ல் நிலைமை என்ன தெரியுமா? தெருவிளக்கில் நூற்றுக்கு 40 எரியவில்லை. போலீசைக் கூப்பிட்டால் வந்து சேரச் சராசரி 58 நிமிஷம். ஆள் இல்லாமல் பாழடைந்து நின்ற கட்டடங்கள் 78 ஆயிரம். கடனும் பிற பொறுப்புகளும் சேர்த்து ஏறக்குறைய 1,800 கோடி டாலர். அந்த ஆண்டு ஜூலை 18ந் தேதி நகரம் கோர்ட்டுக்குப் போய்த் திவால் மனு கொடுத்தது. அமெரிக்க வரலாற்றிலே அதுவரை அவ்வளவு பெரிய நகரம் எதுவும் திவாலானதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

2008ல் வந்த வீட்டுக்கடன் நெருக்கடியில் டெட்ராய்ட்டில் வீட்டு விலை தரைமட்டமாயிற்று. சில ஆயிரம் டாலருக்கு விலைபோகிற வீடுகள் தெருத்தெருவாக இருந்தன. ஆனால் நகரசபையின் மதிப்பீட்டுப் புத்தகத்தில் விலை இறங்கவில்லை. சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்புப் போடக்கூடாது என்று அந்த மாநிலத்தின் அரசியல் சட்டமே சொல்கிறது. இருந்தும், பழைய விலையை வைத்தே ஏழை வீட்டுக்கு வரி போட்டுக்கொண்டிருந்தார்கள். 2010 முதல் 2016 வரை குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாக விதிக்கப்பட்டது என்று 2020ல் அவ்வூர்ப் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டு வெளியிட்டது. 2011ம் ஆண்டு வரியை ஏறக்குறைய பாதிப் பேர் கட்டவில்லை. கட்டாதவனைத் திட்டுவது சுலபம். வீட்டையே விற்றாலும் வரிக்குக் காணாது என்றால் அவன் எதைக் கட்டுவான்? மூன்று வருஷ பாக்கி சேர்ந்ததும் மாவட்டக் கஜானா வீட்டைப் பறித்து ஏலம் விட்டது. 500 டாலரிலிருந்து ஏலம் தொடங்கிய வீடுகளும் உண்டு. 2011க்கும் 2015க்கும் இடையில் அந்த ஊரில் ஏறக்குறைய நாலில் ஒரு மனை இப்படிப் பறிபோயிற்று. பறித்த வீடு காலியாகக் கிடந்து இடிந்தது. பக்கத்து வீட்டு விலையும் அதோடு விழுந்தது. வரி வசூலிக்கப் போய், வரி கட்டுகிறவனையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

நிர்வாகம் யார் கையில் இருந்தது என்பதையும் பாருங்கள். நகரத்தின் அதிகாரத்தை எடுத்து மாநிலம் நியமிக்கும் அவசர நிர்வாகியிடம் கொடுக்கும் சட்டம் ஒன்று இருந்தது. 2012 நவம்பரில் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு அதை ரத்துச் செய்தார்கள். டிசம்பரிலேயே சட்டமன்றம் கிட்டத்தட்ட அதே சட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. மறுபடி ஓட்டுக்கு விட முடியாதபடி ஒரு பண ஒதுக்கீட்டையும் அதில் சேர்த்து விட்டார்கள். 2013 மார்ச்சில் நிர்வாகி வந்தார்.

கடைசியில் யார் தலையில் விடிந்தது? ஓய்வு பெற்ற நகரசபைத் தொழிலாளி தலையில்தான். சாதாரண ஊழியரின் மாத ஓய்வூதியத்தில் நூற்றுக்கு 4.5 வெட்டு. விலைவாசிக்கேற்ப வருஷா வருஷம் ஏறுகிற தொகை அடியோடு நின்றது. மருத்துவச் செலவுக்குக் கொடுத்ததிலும் பெரும்பகுதி போயிற்று. இன்னும் மோசமாக வெட்டியிருப்பார்கள். நகரத்துக் கலைக்கூடத்தின் ஓவியங்களை விற்றுக் கடன் அடைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அறநிலையங்களும் மாநில அரசும் சேர்ந்து 20 வருஷத்தில் ஏறக்குறைய 81 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதால் ஓவியமும் தப்பியது, ஓய்வூதியமும் பாதி தப்பியது.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். பணம் கொழித்த ஆண்டுகளில் அந்த ஓய்வூதிய நிதியைப் பார்த்துக்கொண்ட வாரியங்கள், தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருந்தவைதான், பதின்மூன்றாம் மாதப் பணம் என்று எடுத்துக் கொடுத்தன. அப்போது இனித்தது. 2005ல் நகர நிர்வாகம் ஓய்வூதிய நிதியை நிரப்ப 140 கோடி டாலர் அளவுக்குக் கடன் வாங்கி, வட்டி மேல் பந்தயம் கட்டியது போன்ற ஓர் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டது பெரிய தவறு. ஆனால் அந்தக் கையெழுத்தைக் குப்பை வண்டிக்காரன் போடவில்லை.

இன்றைக்கு டெட்ராய்ட் கொஞ்சம் எழுந்து நிற்கிறது. 2016 முடிவதற்குள் ஏறக்குறைய 65 ஆயிரம் புது விளக்குப் போட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஜனத்தொகையும் சற்று ஏறியிருக்கிறது. பறிபோன வீடு திரும்பவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே ஊராட்சித் தேர்தல் 1965ல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ம் ஆண்டுச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் கவுன்சிலர்கள் நியமனம்தான். தோட்டத்தில் இருந்தபோது அது நமக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "தோட்டம் தனியார் நிலம், எங்கள் வண்டி உள்ளே வராது" என்று சொல்லிவிடுவார்கள். நாமும் குப்பையை லயத்துக்குப் பின்னால் கொளுத்திக்கொண்டோம். இப்போது நாமும் வரி கட்டுகிற குடிகள். கேட்க உரிமை வந்துவிட்டது, யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

வரி வருஷத்துக்கு இரண்டு தவணை: பிப்ரவரி முடிவதற்குள் ஒன்று, ஆகஸ்டு முடிவதற்குள் ஒன்று. வீட்டின் மதிப்பை ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் திருத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாநில அரசு காலத்தைத் தள்ளிப் போடவும் இடம் உண்டு. தள்ளிப் போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கோலாலம்பூர் காட்டியது. 21 ஆண்டு திருத்தாமல் விட்டு, 2013 கடைசியில் ஒரேயடியாகப் புது மதிப்பு வந்தது. மக்கள் எழுத்து மூலமாகக் கிளம்பினார்கள். வீடுகளுக்கான விகிதம் 6லிருந்து 4 சதவீதமாக இறங்கியது. ஆக, எழுதினால் பலன் உண்டு.

புது மதிப்பு பற்றிய அறிவிப்பு மலாயில் வரும். அதைக் கூட்டி ஓரமாக வைத்துவிடாதீர்கள். ஆட்சேபத்தை எந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். "கட்ட முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. அதே மாதிரி வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் என்ன வாடகை, என்ன மதிப்பு என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். விளக்கு எரியாதது தனிப் புகார்; அதை இதோடு சேர்த்துக் குழப்பினால் இரண்டும் நடக்காது. இன்னொன்று, மாடிப்படி விளக்கு கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குத்தான் மாதாமாதம் பராமரிப்புப் பணம் கொடுக்கிறீர்கள். ரோட்டு விளக்கு நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு.

அந்த அம்மாவின் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினோம். மதிப்பைப் பற்றி ஒன்று, ரோட்டு முக்கு விளக்கைப் பற்றி ஒன்று. விளக்குக் கம்பத்தின் நம்பரைப் பேரப்பிள்ளை ஓடிப்போய்ப் பார்த்து வந்தான். "எம்பேர நானே போடுறேன்" என்று பேனாவை வாங்கி, தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அதே கட்டடத்தில் இன்னும் பதினாலு வீட்டுக்காரர்கள் தாளை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சமூக மண்டபத்தில் இருப்போம். வரிச் சீட்டு, மதிப்பு அறிவிப்பு, அடையாளக் கார்டு மூன்றையும் கையோடு கொண்டு வாருங்கள்.