லிங்க் போட்டால் பாடம் முடிந்ததா?



தரம் 10, 11 வட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு வழக்கம். மின்சுற்றைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஆசிரியர் ஒரு லிங்கைப் போடுவார். அதோடு பாடம் முடிந்துவிடும். எருக்கலம்பிட்டியிலோ சிலாவத்துறையிலோ அதைத் திறக்கப்போவது உம்மாவின் போன். டேட்டா இருந்து திறந்தாலும், பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல யாரும் இல்லை.

லிங்கில் குறை இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் அருமையானவை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய வேலை அது. தமிழிலும் பல இருக்கின்றன. மின்கலத்தை இணைத்தவுடன் கம்பிக்குள் இலத்திரன்கள் ஊர்ந்து போவது கண்முன்னே தெரியும். கரும்பலகையில் நாம் எத்தனை அம்புக்குறி போட்டாலும் அது வராது.

ஆனால் அதை நாமே ஓடவிட்டு, நம் குரலோடு மூன்று நிமிட வீடியோவாக்கி அனுப்ப வேண்டும் என்பேன். காசு செலவில்லை. விண்டோஸ் 10, 11 இல் விண்டோஸ் விசையோடு ஜி யை அழுத்தினால் பதிவுப் பெட்டி வரும். ஓபிஎஸ் மென்பொருளும் இலவசம். அண்ட்ரொய்ட் 11 முதல் போனிலேயே திரைப்பதிவு உண்டு.

பலர் சறுக்குவது சத்தத்தில்தான். திரையிலிருந்து வரும் சத்தம் வேறு, மைக்கில் போகும் நம் குரல் வேறு. இரண்டையும் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும். பத்து விநாடி பதிந்து கேட்டுப் பாருங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் சன்னலைச் சாத்துங்கள். கழுதை கத்தினால் பரவாயில்லை, மன்னார்ப் பிள்ளைகளுக்கு அது பழகின சத்தம்.

"வீடியோ என்றால் பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்குமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டாவது மின்கலத்தைப் போடுமுன் நிறுத்தி, "மின்குமிழுக்கு என்ன நடக்கும்? கொப்பியில் எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். கையால் செய்து பார்ப்பது பாடசாலைக் கணினி அறையில் நடக்கட்டும்.

இன்னொன்று. 2020 டிசம்பர் 31 உடன் அடோபி பிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அதில் செய்த எத்தனையோ நல்ல பாடப்படங்கள் பிரவுசரில் திறக்காமலே போயின. வீடியோவாகப் பதிந்து வைத்தவை இன்றும் ஓடுகின்றன.

வீடியோவில் ஃபெட்டின் பெயரைக் குறிப்பிட மறக்காதீர்கள். விஞ்ஞானம் எடுக்கும் ஆசிரியர்கள், எந்த அலகை எடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மின்சுற்றை நான் எடுத்துக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.