கட்-ஆப் குறைந்தால் கதவு மூடிவிடுமா?

 

ஒவ்வோர் ஆண்டும் ப்ளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் சத்தியமங்கலம் கடைவீதியில் ஒரே பேச்சுதான். “பையன் மார்க் கம்மியா வாங்கிட்டான் பாய். இன்ஜினியரிங் எல்லாம் நமக்கு எட்டாது. கடையிலயே உட்கார வெச்சுடலாம்னு இருக்கேன்” என்கிறார் ஒருவர். “எனக்குத் தெரிஞ்ச புரோக்கர் இருக்கார். பணத்தைக் கட்டினா சீட் நிச்சயம்” என்கிறார் மற்றொருவர். அரசு நடத்தும் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி எழுதுவது என்று கேட்பவரைத்தான் காணோம்!

வியாபாரத்தில் ஒரு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கும் நாம், பிள்ளையின் நான்காண்டு வாழ்க்கைக்குக் கணக்குப் பார்ப்பதில்லையே, ஏன்?

வாங்கிய உரிமை வீணாகலாமா?

இந்தச் சமுதாயம் தெருவில் நின்று போராடி 2007-ல் பெற்றது 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 4 சதவீதத்திற்கும் குறைவு என்று சொன்னது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஒதுக்கீடு கேட்டோம். கேட்டு வாங்கிய இடத்தை, பட்டியலைத் தப்பாக எழுதி இழந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது?

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆப் மொத்தம் 200. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உங்கள் மகன் கணிதத்தில் 70, இயற்பியலில் 68, வேதியியலில் 76 வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 70-உடன் 34, 38 சேர்ந்து 142. இதற்குக் கோவையின் பெரிய கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. உண்மைதான். ஆனால் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள கலந்தாய்வில் 142 என்பது குப்பையில் போடும் மார்க் அல்ல.

2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுக்கிறது. அவர் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் விருப்பத்தில் பொதுப் பிரிவில் இடம் உண்டா? இல்லையென்றால் முஸ்லிம் ஒதுக்கீட்டில் உண்டா? அங்கும் இல்லையென்றால் இரண்டாவது விருப்பம். இப்படியே இறங்கி, முதலில் கிடைக்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எட்டாத ஒன்றை மேலே எழுதுவதால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடும், அவ்வளவுதான். நஷ்டம் வருவது பயந்துபோய் எழுதும்போதுதான். “இது கட்டாயம் கிடைக்கும்” என்று பிடிக்காத பாடத்தை முதலில் போட்டால், கம்ப்யூட்டர் அதையே கொடுத்துவிடும். பிடித்த பாடம் ஐந்தாவது இடத்தில் சும்மா கிடக்கும்!

அதன் பிறகு அந்தப் பட்டியலைத் திருத்த முடியாது. ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பத்திற்கும் காத்திருக்கலாம் என்ற வசதி உண்டு. ஆனால் கிடைத்த இடத்திற்கு மேலே எழுதியவை மட்டுமே அப்போது பார்க்கப்படும். கீழே எழுதியது கீழேதான்.

ஆகவே, வரிசை உங்கள் விருப்பத்தின்படி இருக்கட்டும். பட்டியலின் நீளத்தை உங்கள் மார்க் முடிவு செய்யட்டும். 142 வாங்கியவர் 10 விருப்பங்களோடு நிறுத்தக் கூடாது. 60, 80 என்று எழுத வேண்டும். எண்ணிக்கைக்குத் தடை கிடையாது. ஒன்று மட்டும் கவனம்: கிடைத்தாலும் சேர மாட்டேன் என்று தெரிந்த எதையும் எழுதாதீர்கள்.

மல்லிகை விலையும் கட்-ஆப்பும்

சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பாடம், எந்தப் பிரிவுக்கு, எந்தக் கட்-ஆப்பில் முடிந்தது என்ற பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது. நம்மவர்கள் பலர் பொதுப் பிரிவுக் கட்டத்தைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து போகிறார்கள். பி.சி. முஸ்லிம் என்ற தனிக் கட்டம் இருப்பதே தெரிவதில்லை.

அந்தக் கட்டத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். காரணம் இருக்கிறது. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரி 65 சதவீத இடங்களைக் கலந்தாய்வுக்குக் கொடுக்கிறது. 60 இடம் உள்ள பாடத்தில் இது 39. அதில் 3.5 சதவீதம் என்பது ஒன்றோ இரண்டோதான். அந்த ஒரு மாணவர் யார் என்பதைப் பொறுத்து கட்-ஆப் ஓராண்டு ஏறும், மறு ஆண்டு இறங்கும். நம் சத்தி மார்க்கெட்டில் நேற்றைய மல்லிகை விலையை வைத்து இன்று யாராவது சரக்கு எடுப்பார்களா? மூன்று நான்கு ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். உங்கள் மார்க்கைவிடப் பத்துப் பதினைந்து கூடுதலாக முடிந்ததையும் துணிந்து மேலே எழுதுங்கள்.

கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். தேர்ச்சி சதவீதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. பண்ணாரி அம்மன் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. சித்தோட்டில் ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெண் பிள்ளையைத் தொலைவில் அனுப்பத் தயங்கும் பெற்றோர், படிப்பே வேண்டாம் என்று முடிவு செய்யாமல், போய் வரக்கூடிய கல்லூரிகளை முதலில் வரிசைப்படுத்தட்டும்.

புரோக்கரிடம் போகாதீர்!

புரோக்கர் காட்டுவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடு. அரசின் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தவருக்கே உண்டு. நன்கொடை கொடுத்தவருக்குக் கிடையாது. அந்தப் பணத்தையும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், இம்மைக்கும் நஷ்டம், மறுமைக்கும் நஷ்டம்! 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெற்றவரின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இதையெல்லாம் புரோக்கர் சொல்வாரா?

கடவுச்சொல்லையும் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் பட்டியலைப் பிறர் எழுதினால், அது அவர்களின் விருப்பப் பட்டியலாகிவிடும். உதவி தேவையென்றால் அரசின் உதவி மையங்கள் இருக்கின்றன.

சாதிச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். வெறும் ‘முஸ்லிம்’ என்று இருந்தால் போதாது. லெப்பை, தக்னி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள உங்கள் பிரிவு அதில் இருக்க வேண்டும்.

பொறியியல் மட்டுமா படிப்பு?

கணிதம் வரவில்லை என்றால் பிள்ளையை வதைக்காதீர்கள். கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு பி.காம். எவ்வளவு பெரிய சொத்து! ஜி.எஸ்.டி. கணக்குக்கு ஊரெல்லாம் ஆள் தேடுகிறோமே! சத்தியிலேயே அரசு கலைக் கல்லூரி உண்டு. பக்கத்தில் கோபியில் கலைக் கல்லூரி உண்டு. அங்கே மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மார்க்கில்தான் ரேங்க். பாலிடெக்னிக்கில் சேர்ந்து முடித்தவர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது சுற்றுவழி போலத் தெரியும். ஆனால் கையில் தொழிலோடு வரும் வழி.

ஜமாஅத்துகளே!

ஒவ்வொரு மஹல்லாவிலும் கல்லூரியில் படிக்கும் தம்பிகள் நான்கு பேர் இருக்கிறார்கள். கலந்தாய்வு நாட்களில் அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் பள்ளிவாசல் மதரஸாவில் ஒரு கம்ப்யூட்டரோடு அவர்கள் உட்காரட்டும். ஜும்ஆவில் ஓர் அறிவிப்பு போதும். செலவு என்ன? சில குவளைத் தேநீர்!

தம்பிகளே, முதலில் விவரம் திரட்டுங்கள். அறிந்தவர்களிடம் மஷூரா செய்யுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். பிறகு பட்டியலை எழுதி, பூட்டும் முன் இன்னொரு முறை மேலிருந்து படியுங்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழியல்ல.

மார்க் குறைந்தது போன மாதத்தின் கதை. பட்டியல் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைச் சரியாக எழுதுங்கள். மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், இன்ஷா அல்லாஹ்.