புக்கிட் மெலாவாத்தியில் தீனி வேண்டா



கல்விச் சுற்றுலா என்றாலே நம் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிகளில் நீர்க் கேளிக்கைப் பூங்காவும் பேரங்காடியும்தாம் முதலில் பேசப்படுகின்றன. நுழைவுக் கட்டணத்துக்கே பெற்றோர் திணறுகிறார்கள். மாணவர்கள் மகிழ்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னால் பேருந்தில் ஏறியதும் இறங்கியதுமே எழுதுகிறார்கள்!

நான் பரிந்துரைப்பது கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்தி. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகச் செல்லலாம். சிறு பிள்ளைகளும் நடந்து ஏறக்கூடிய குன்று. டிராம் வண்டியும் உண்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள். உச்சியில் 1907-இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி, மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்ட கோட்டையின் எச்சங்களும் பீரங்கிகளும் உள்ளன. நோன்பு மாதப் பிறை பார்க்கவும் இங்கே கூடுகிறார்கள். தொலைவைப் பார்ப்பதற்கென்றே வாய்த்த குன்று எனலாம்.

கடற்பக்கம் திரும்பினால், குன்றுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே அடர்ந்த பச்சை தெரியும். மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட பகுதி அங்கேதான் உள்ளது. அங்கே கடலோரமாக வளர்ந்திருப்பவை என்ன மரங்கள் என்று கேளுங்கள், 'பாக்காவ்' என்பார்கள். தவறில்லை. ஆனால் தமிழில் அது அலையாத்திக் காடு, அலையை ஆற்றும் காடு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் இத்தகைய காட்டின் பின்னால் இருந்த ஊர்கள் பெரும் சேதத்திலிருந்து தப்பியதை அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். அச்சொல்லைப் பிறகு மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியிராது.

இனி குரங்குகளுக்கு வருவோம். குன்றில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் சாதுவாக அமர்ந்திருப்பவை இலை தின்னும் குரங்குகள், மலாயில் லோத்தோங். இவ்வினத்தின் அறிவியல் பெயரிலேயே சிலாங்கூர் இருக்கிறது. இத்தகைய குரங்கிற்குத் தமிழில் முசு என்ற பழஞ்சொல் உண்டு. தொல்காப்பிய மரபியல் குரங்கையும் முசுவையும் வேறு வேறாகவே சொல்கிறது. குரங்கின் இளமைக்குக் குட்டி என்பதோடு மகவு, பிள்ளை என்ற பெயர்களையும் தருகிறது. நம் குழந்தைகளோ எல்லாவற்றையும் 'குரங்கு' என்று அழைத்து நிறுத்திக்கொள்கிறார்கள். கூர்ந்து பார்க்காதவனுக்கு இரண்டு சொல் எதற்கு?

ஏன் பார்ப்பதில்லை? பெரியவர்களாகிய நாம் கையில் பயிற்றங்காயையும் ரொட்டியையும் திணித்துவிடுகிறோம். முசு தோளில் ஏறும், பிள்ளை கூச்சலிடும், ஒரு படம் எடுப்போம், முடிந்தது. "அனுமார் அல்லவா, கொடுத்தால் புண்ணியம்தானே?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் முசுவின் இரைப்பை பல அறைகளாக அமைந்தது. அங்கே நுண்ணுயிர்கள் இலையை மெதுவாக நொதிக்க வைக்கின்றன. ரொட்டியும் இனிப்பும் அங்கே வேகமாகப் புளித்து அமிலத்தைக் கூட்டுகின்றன. இது புண்ணியக் கணக்கில் எப்படிச் சேரும்? பத்துமலைப் படிகளில் பையைப் பறிக்கும் குரங்குகளைத் திட்டுகிறோமே, பையில் உணவு இருக்கும் என்று அவற்றுக்குக் கற்பித்தது யார்?

ஆகவே அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உணவுப் பொட்டலங்கள் பேருந்திலேயே இருக்கட்டும். குடிநீர்ப் புட்டியும் குறிப்பேடும் போதும். வெயில் ஏறுமுன் உச்சியை அடைந்து, கால் மணி நேரம் பேசாமல் அமரச் சொல்லுங்கள். முசுவின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் சாம்பலாகிவிடும். தாய் மட்டுமன்றிக் கூட்டத்தின் மற்ற மந்திகளும் அதை மாறி மாறி ஏந்திக்கொள்ளும். அப்படியொரு குட்டி கண்ணில் பட்டால், அது எத்தனை கை மாறுகிறது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் உடன் வந்தால் அவர்களுக்கும் ஒரு குறிப்பேடு கொடுங்கள்.