குறி தவறிய தோட்டா எங்கே போகிறது?

குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் ஹீரோ துப்பாக்கியைத் தூக்கினாலே விசில் பறக்கும். பறக்கட்டும், தப்பில்லை. ஆனால் திரையில் அந்தத் துப்பாக்கி செய்யும் பல வேலைகளை நிஜத் துப்பாக்கி செய்யாது.

அது எப்படி இயங்குகிறது? விசையை இழுத்ததும் ஒரு ஊசி, தோட்டாவின் அடிப்பகுதியைக் குத்தும். அங்கே எழும் பொறி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். அந்த வாயுவின் அழுத்தம்தான் குண்டைக் குழாய் வழியே தள்ளுகிறது. ரிவால்வரில் காலி உறை உருளைக்குள்ளேயே கிடக்கும். பிஸ்டலில் மேல்பகுதி பின்னால் நகர்ந்து, உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும்.

நம்ம ஹீரோ என்ன செய்கிறார்? வசனத்துக்கு வசனம் பிஸ்டலின் மேல்பகுதியை 'சரக்'கென்று இழுக்கிறார். நிஜத்தில் அப்படி இழுத்தால், ஏற்கெனவே ஏற்றிய நல்ல தோட்டாதான் தரையில் விழும். தோட்டா தீர்ந்ததும் 'க்ளிக் க்ளிக்' என்று சத்தம் வருகிறது. பெரும்பாலான பிஸ்டல்களில் மேல்பகுதி பின்னாலேயே நின்றுவிடும், பார்த்தாலே தெரியும். சைலன்சர் போட்டால் 'புஸ்' என்றா கேட்கும்? 160 டெசிபல் அளவிலான சத்தம் 20, 30 டெசிபல் குறையும், அவ்வளவுதான்.

குண்டு பட்டவர் பத்தடி தூரம் பறப்பதும் கதைதான். நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வரும் 8 கிராம் குண்டு, 70 கிலோ எடையுள்ளவரை நொடிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தில்தான் தள்ள முடியும். அவர் பறந்தால், சுட்டவரும் பின்னால் பறக்கணுமே!

காயமும் அடுத்த காட்சியில் ஆறிவிடாது. 1967 ஜனவரி 12 அன்று ராமாபுரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில், எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஐந்தாவது ஸ்டேஷனான பரங்கிமலையில் அந்த ஆண்டு அவர் தேர்தலில் வென்றார். கழுத்துக் கட்டோடு இருந்த படம்தான் போஸ்டர். வெற்றி கிடைத்தது, பழைய குரல் கடைசிவரை திரும்பவில்லை.

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். விட முடியாத பொய் ஒன்று உண்டு. ஹீரோ மீது படாத நூறு குண்டுகளும் சினிமாவில் காற்றில் கரைந்துவிடுகின்றன. நிஜத்தில் 9 எம்.எம். குண்டே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். ரைபிள் குண்டு இன்னும் தூரம்.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. நாலு நாள் போராடி, ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். பயிற்சி பெற்றவர்கள், அதற்கென உள்ள இடத்தில் சுட்டபோதே இந்தக் கதி.

சந்தைக்கு நடுவே ஹீரோ சரமாரியாகச் சுடும் காட்சியை எடுக்கும் இயக்குநர்கள், தவறிய ஒரு குண்டு யார் மீது பட்டது என்று ஒரு ஷாட்டாவது காட்டலாம். பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும் பிள்ளைகளிடம், "அந்தக் குண்டெல்லாம் எங்கே போச்சு?" என்று நாமும் கேட்கலாம்.